சுவரை விடுங்கள், தூக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பூம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. தம்பிக்கு 27 வயது. கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். கொடைக்கானலில் தங்கும் விடுதிகளின் சுவர்களில் ஓவியம் வரைந்து சம்பாதிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் நாலு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தான். டாக்டர் தந்த மாத்திரையில் தேறி, பிறகு அவனே நிறுத்திவிட்டான். இப்போது மூன்று வாரமாக ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். வீட்டுச் சுவர், கூரை, அரிசி டிரம் எல்லாவற்றிலும் வரைந்துவிட்டான். பூண்டு விற்ற பணத்தில் 40,000 ரூபாய்க்கு பெயின்ட் வாங்கியிருக்கிறான். மூடுபனி தனக்கு மட்டும் எழுத்து அனுப்புகிறது என்கிறான். போதைக் காளான் சாப்பிடுகிறானோ என்றும் சந்தேகம். மாத்திரைப் பேச்சை எடுத்தால், "போட்டா என் கை செத்துப்போகும், வான்கா மாத்திரையா போட்டாரு?" என்று கேட்கிறான். படங்களோ உண்மையிலேயே அற்புதமாக இருக்கின்றன, போட்டோ அனுப்பியிருக்கிறேன். கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடலாம் என்கிறார் அம்மா. இது கலையா, பைத்தியமா? வைத்தியம் பார்த்தால் திறமை போய்விடுமா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, உங்கள் தம்பியை இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை, பணம் கட்டுப்பாடில்லாமல் போகிறது, தனக்கு மட்டும் செய்தி வருகிறது என்ற நம்பிக்கை வந்திருக்கிறது, இரண்டு ஆண்டுக்கு முன் மாதக்கணக்கான சோர்வும் இருந்திருக்கிறது. இவை சேர்ந்து வந்தால் இருதுருவ மனநிலைக் கோளாறின் (அளவுகடந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்) எழுச்சிக் கட்டம் என்றே முதலில் சந்தேகிப்போம். எழுச்சி ஒரு வாரம் நீடித்தாலே நோய் என்று கணக்கில் எடுப்பது வழக்கம். உங்கள் வீட்டில் மூன்று வாரம் கடந்துவிட்டது.

இனி நீங்கள் அனுப்பிய போட்டோக்கள். அழகான வேலை. ஆனால் அவற்றை வைத்து என்னால் எதையும் கண்டறிய முடியாது, யாராலும் முடியாது. லூயி வெய்ன் என்ற ஆங்கில ஓவியர் பூனைகளை வரைந்தே புகழ்பெற்றவர். கடைசிக் காலத்தை மனநல மருத்துவமனைகளில் கழித்தார். சாதாரணப் பூனையில் தொடங்கி, படிப்படியாகச் சிதறி, வெறும் வண்ணக் கோலமாக முடியும் அவருடைய ஓவிய வரிசை ஒன்று பல உளவியல் பாடநூல்களில் இடம்பெற்றது, மனம் சிதைவதன் படம் என்ற விளக்கத்தோடு. அந்த ஓவியங்களில் தேதியே கிடையாது. வால்டர் மெக்லே என்ற மருத்துவர் 1939 வாக்கில் வாங்கித் தன் ஊகப்படி அடுக்கிய வரிசை அது. மருத்துவமனையில் இருந்த காலத்திலும் வெய்ன் தன் வழக்கமான பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். ஆகவே கூரையில் வரைந்ததும் டிரம்மில் வரைந்ததும் என்னைக் கவலைப்பட வைக்கவில்லை. எத்தனையோ ஓவியர்கள் நல்ல நிதானத்தில் இதைவிட விசித்திரமாக வரைகிறார்கள்.

எல்லை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். மலைப்பாதையில் மூடுபனி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. சாலையோரம் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் வண்டியை நிறுத்திவிடுகிறோம். இங்கும் அப்படித்தான். கற்பனையும் நோயும் கலந்து கிடக்கும் பகுதி ஒன்று இருக்கவே செய்கிறது. அங்கே நான் பார்ப்பது, அந்த மனிதரால் அதிலிருந்து வெளியே வர முடிகிறதா என்பதை. பனி தனக்கு எழுதுகிறது என்று ஒரு கவிஞரும் சொல்லலாம். "நிஜமாவா?" என்று கேட்டால் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். உங்கள் தம்பி அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டு ராத்திரியில் வெளியே கிளம்புகிறாரா? தூரிகையைக் கீழே வைக்கச் சொன்னால் வைக்க முடிகிறதா? விடுதிக்காரருக்குச் சொன்ன நாளில் வேலையை முடிக்கிறாரா, அல்லது பத்துச் சுவரைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காமல் விட்டிருக்கிறாரா? சட்டமும் இதையே கேட்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சிந்தனையிலோ மனநிலையிலோ ஏற்பட்ட பெரிய கோளாறு, உண்மையை உணரும் திறனையோ அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் திறனையோ கடுமையாகக் குலைத்திருக்க வேண்டும். தாடி வளர்த்ததும் வேலைக்குப் போகாததும் கல்யாணம் வேண்டாம் என்றதும் இந்தக் கணக்கில் வராது. உறவினர்கள் அதையெல்லாம் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் தினமும் இவற்றை எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், எத்தனை வேளை சாப்பிட்டார், எவ்வளவு செலவழித்தார், எத்தனை முறை வெளியே போனார், அவர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள் அவர் சொன்னபடியே. "ரொம்ப மோசமா இருந்தான்" என்று எழுதினால் எங்களுக்குப் பயன்படாது. "ராத்திரி 3 மணிக்கு எழுந்தான், 4 மணிக்குக் கூரை ஏறினான்" என்றிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். நோட்டு நிறையட்டும் என்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஓவியர் வான்காவைப் பற்றித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதை மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அவர் 1889 மே மாதம் தானே சம்மதித்து பிரான்சில் உள்ள செயின்ட் ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். அங்கிருந்த ஓராண்டில் ஏறக்குறைய 150 ஓவியங்கள் தீட்டினார். எல்லோருக்கும் தெரிந்த அந்த 'நட்சத்திர இரவு' ஓவியமும் அங்கே, ஜூன் மாதத்தில் பிறந்ததுதான். ஆனால் நோய் தாக்கிய வாரங்களில் பெரும்பாலும் வேலை நின்றுபோனது. பெயின்ட்டையே எடுத்து விழுங்கப் பார்த்ததால் வண்ணங்களை அவரிடமிருந்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. தாக்குதல்களுக்கு நடுவே தெளிவு வந்த நாட்களில் அவர் வரைந்தார். மாத்திரை போட்டாரா என்றால், உருப்படியான மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. லித்தியம் என்ற மருந்து எழுச்சியைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டது 1949இல். வான்கா இறந்தது 1890இல், 37 வயதில்.

அதோடு நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அலறல்' ஓவியத்தின் 1893ஆம் ஆண்டுப் பிரதியில், பைத்தியக்காரன் ஒருவன்தான் இதைத் தீட்டியிருக்க முடியும் என்ற பொருளில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். அது மங்க்கின் கையெழுத்தே என்று நார்வே தேசிய அருங்காட்சியகம் 2021இல் உறுதிசெய்தது. தன் நோயும் துயரமும் தன் கலையின் பகுதி என்று நம்பியவர் அவர். அப்படிப்பட்டவரே 1908இல் மனம் முறிந்தபோது கோபன்ஹேகனில் ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார், மாதக்கணக்கில் தங்கி மீண்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தில் சூரியன் உதிக்கும் அந்தப் பெரிய சுவரோவியம். 80 வயதுவரை வரைந்தார். உங்கள் தம்பியும் சுவரோவியம் செய்பவர். இந்தச் செய்தி அவருக்கு உறைக்கக்கூடும். ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமா 1977 முதல் தன் விருப்பத்தின்பேரில் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தங்கிக்கொண்டு, பக்கத்தில் உள்ள தன் கூடத்தில் பல்லாண்டுகள் வேலைசெய்துவந்தார்.

திறமை போய்விடுமா? 1979இல் மோகன்ஸ் ஷோ என்ற டேனிஷ் மருத்துவர், லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த 24 கலைஞர்களிடம் இதையே கேட்டார். 12 பேர் வேலை கூடியது என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் அந்தக் கடைசி ஆறு பேரை மறைத்துவிட்டு உங்கள் தம்பியிடம் பேசுவது நேர்மையாக இருக்காது. சிலருக்கு இழப்பு உண்டு. அந்த இழப்பைக் குறைக்க எங்களுக்கு வழிகள் இருக்கின்றன, அவர் பேசினால் மட்டும்.

ஆகவே "கை செத்துப்போகும்" என்ற பேச்சைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். மருந்துகளால் கைக்கு வருவது மூன்று வகை. லித்தியமும், இதே நோய்க்குத் தரும் வால்புரோயேட் என்ற மருந்தும் மெல்லிய நடுக்கம் தரலாம். கோடு இழுக்கும்போதும் டம்ளரைத் தூக்கும்போதும் தெரியும். மனச்சிதைவுக்கும் எழுச்சிக்கும் தரும் சில மருந்துகள் தசையை இறுக்கி, கையை மெதுவாக்கும். மூன்றாவது உள்ளே நடப்பது: வண்ணம் பார்த்தால் வழக்கமாக வரும் கிளர்ச்சி வருவதில்லை. மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. நடுக்கத்துக்கு அளவைக் குறைப்பது, முழு அளவையும் இரவில் ஒரே வேளையாகத் தருவது, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றுவது, ஆஸ்துமா இல்லாதவருக்கு புரோப்ரனலால் சேர்ப்பது என்று வரிசையாகப் பார்ப்போம். இறுக்கத்துக்கு மருந்தையே மாற்றுவது நல்லது. கிளர்ச்சி வற்றியது மருந்தாலா, எழுச்சிக்குப் பின் வரும் சோர்வாலா என்று பிரித்தறியச் சில வாரம் வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் ஆறு வாரத்தை வைத்தே மருந்தின் மேல் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தீவிரத்தை அடக்க அளவு கூடுதலாக இருக்கும் காலம் அது. பிறகு படிப்படியாகக் குறைப்போம்.

மருந்து தொடங்குமுன் ஒரு வெள்ளைத் தாளில், நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் சுருள் ஒன்றை அவரை வரையச் சொல்லுங்கள். கை மேசையைத் தொடக் கூடாது. தேதி போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் அதே பேனாவால் இன்னொன்று. நரம்பியல் மருத்துவர்கள் நடுக்கத்தை அளக்கும் எளிய முறை இது. ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. "கை நடுங்குது" என்ற புகாரோடு இந்தத் தாள்களையும் வைத்தால் எந்த மருத்துவரும் தட்டிக்கழிக்க மாட்டார்.

லித்தியம் தொடங்கினால் சில விஷயங்கள் வீட்டுக்கே தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றுக்கும் முன்பே ரத்தப் பரிசோதனை. லித்தியம் அளவுக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் எடுத்தால் அளவு தப்பாகக் காட்டும். நீண்டகாலப் பராமரிப்புக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். மலைக்குளிரில் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். மே மாதம் கீழே மதுரைக்கு இறங்கினால் வேர்வை கொட்டும். உடம்பில் நீர் வற்றினாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும், உடம்புவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கை பெரிதாக உதறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை நஞ்சாகிவிட்டதன் அடையாளம். மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை இப்போது கொடுக்காதீர்கள். அது சோர்வுக்குத் தந்த மருந்து. எழுச்சியில் இருப்பவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் எரிகிற நிலையை அது மேலும் கிளப்பிவிடலாம். பழைய மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காபியில் பொடித்துக் கலந்து கொடுக்கும் யோசனையும் வேண்டாம். ஒருநாள் அவருக்குத் தெரியவரும். அதன்பின் நீங்கள் தரும் சாப்பாட்டையும் சந்தேகப்படுவார்.

காளானைப் பற்றி. சிலோசைபின் என்ற போதைப்பொருள் உள்ள காளானின் வேலை பொதுவாக நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். மூன்று வாரத் தூக்கமின்மைக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனால் இருதுருவ இயல்பு உள்ளவருக்கு அது தூண்டிவிடும். கஞ்சா இன்னும் மோசம். "எப்போ, எவ்வளவு" என்று மட்டும் கேளுங்கள், திட்டாதீர்கள். திட்டினால் மருத்துவரிடமும் மறைப்பார். சோலையில் தானே பறித்துத் தின்கிறவர் என்றால் இன்னோர் ஆபத்து உண்டு: தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கினால் ஈரலைக் கெடுக்கும் வேறு காளானாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

குளிருக்காக ஜன்னலை அடைத்து, உள்ளே கரி அடுப்பு மூட்டி, தின்னரும் டர்பன்டைனும் திறந்து வைத்து வேலைசெய்கிறாரா? கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தலைவலி, குழப்பம், மயக்கம், மரணம்வரை கொண்டுபோகும். தின்னர் ஆவியும் தலையைக் கலக்கும். கரி அடுப்பை இன்றே அறையை விட்டு வெளியே எடுங்கள், எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்கட்டும், சுவருக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷனும் ஸ்டெய்னரும் போதும், எனாமல் இப்போதைக்கு வேண்டாம்.

அவரிடம் பேசும்போது பனி எழுதவில்லை என்று வாதாடாதீர்கள். ஆமாம் எழுதுகிறது என்றும் சொல்லாதீர்கள். "எனக்கு அது தெரியலடா. ஆனா நீ தூங்கி மூணு வாரம் ஆச்சு, அது எனக்குப் பயமா இருக்கு. தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பார்ப்போம், வா" என்று சொல்லிப் பாருங்கள். நோய்க்கு ஒப்புக்கொள்ளாதவரும் தூக்கத்துக்கு ஒப்புக்கொள்வதுண்டு. சாயங்காலத்திலிருந்து வீட்டு விளக்கைத் தணியுங்கள். அவர் வரைந்த சுவரின்மேல் வெள்ளையடிக்காதீர்கள், படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பைக் சாவியை அண்ணனோ சித்தப்பாவோ கேட்டு வாங்கி வைக்கட்டும். பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முக்கியமாக, பூண்டுக்கு அடிக்கும் பூச்சிமருந்து முழுவதையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். எழுச்சி வடிந்தபின் வரும் சோர்வில்தான் ஆபத்து அதிகம். "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

முதலில் 14416 எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பகலில் கிளம்புங்கள், வத்தலக்குண்டு இறக்கத்தைப் பனி இறங்கிய பின் கடப்பது பதற்றத்தில் உள்ளவரோடு ஆகாது. பின்சீட்டில் அவரை நடுவில் உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த இருவர் இரு பக்கமும் இருக்கட்டும். நிலைமை கைமீறினால் 108 அழைத்துக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கே போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மனநல மருத்துவர் இல்லாத இடத்திலும் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை தரச் சட்டம் இடம் தருகிறது. அவர் சம்மதிக்காமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிவந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேசுபவர் என்ற முறையில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அம்மாவிடம் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குழந்தை வேலப்பரிடம் வேண்டிக்கொண்டு மருத்துவரிடம் வரட்டும். கட்டிப்போடுவதற்கு மட்டும் ஒருபோதும் இணங்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

அவர் தேறித் தெளிவாக இருக்கும்போது ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். மறுபடி நோய் வந்தால் எந்த மருந்து வேண்டும், எது கைக்கு ஒத்துவரவில்லை, யார் தன் சார்பாகப் பேச வேண்டும் என்பதை முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதி, சாட்சிகளோடு கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யலாம். அவசர சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது. மற்றபடி மருத்துவர்கள் அதை மதித்தாக வேண்டும். அதில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் தனக்கு வரையும் பொருட்கள் கிடைக்க வேண்டும் என்பதையும் அவர் எழுதட்டும். எது இருந்தால் மருத்துவமனையில் தங்க ஒப்புவார் என்பது அங்கிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.